45 ஆர்மீனியன் ஸ்திரீட்: சப்ஸ்டேஷனுக்கு ஒரு கடைசி மதிப்புரை

1993ல் சப்ஸ்டேஷனுக்கு நாடகம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அங்க என்னம்மா பாக்கப் போற? டிரான்ஸ்ஃபார்மரா?"

அவர் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் கேபிள் இணைக்கும் வேலை பார்த்தவர். அவருக்கு சப்ஸ்டேஷன் என்றால் துணை மின்நிலையம்தான். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 45ஆம் எண் கட்டடத்தை 1926ல் மின்நிலையமாகத்தான் கட்டினார்கள். பிறகு அது பல வருடம் சும்மா கிடந்தது. நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் அதைக் கேட்டு வாங்கி, 1990 செப்டம்பரில் கலை நிலையமாகத் திறந்தார். சிங்கப்பூரில் சுயேச்சையாக நடந்த முதல் சமகாலக் கலை நிலையம் அது. பழைய பெயரை அவர்கள் மாற்றவே இல்லை.

2021 ஜூலை மாதக் கடைசியோடு சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்தைக் காலி செய்தது. காலி செய்துவிட்ட இடத்துக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். கோப்பிக்கடைக்கும் சலூனுக்கும்கூட எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் போய்வந்த இடத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

முதலில் வழி. சிட்டி ஹால் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி ஸ்டாம்ஃபர்ட் சாலையோடு நடந்தால் பத்து நிமிடம். நாங்கள் போன காலத்தில் வழியிலேயே சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் இருந்தது. ஆறு மணிவரை அங்கே படித்துவிட்டு, ஏழரைக்கு இங்கே வந்து உட்காருவதுதான் எங்கள் வெள்ளிக்கிழமை. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக நூலகத்தை 2004ல் மூடி, பிறகு இடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு வர எனக்கு மிஞ்சியிருந்த ஒரே காரணம் சப்ஸ்டேஷன்.

பக்கத்தில் பெரனாக்கான் அரும்பொருளகம் அகலமாக, அழகாக நிற்கும். அதைத் தாண்டினால் ஒடுக்கமான இந்தக் கட்டடம். கீழே காட்சிக்கூடமும் அரங்கமும், மேலே நடன அறையும் வகுப்பறைகளும். அரங்கம் முழுக்கக் கறுப்பு. நூறு பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். மேடை என்று உயரமாக ஒன்றும் கிடையாது. நடிகரின் கால் விரல் தெரியும். அழுதால் மூக்கு ஒழுகுவதும் தெரியும். பெரிய அரங்கங்களில் நான் பார்த்த பல நாடகங்கள் மறந்துவிட்டன. இங்கே பார்த்தவற்றில் ஒருவர் மூச்சு வாங்கிய விதம்கூட இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த இடத்தின் உயிர் அரங்கத்தில் இல்லை, பின்பக்கத் தோட்டத்தில் இருந்தது.

தோட்டம் என்றதும் பூச்செடிகளை நினைக்க வேண்டாம். சுவர் வைத்த திறந்தவெளி, மரநிழல், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் பங்க், மெட்டல் இசைக் குழுக்கள் அங்கேதான் வாசித்தன. என் அண்ணனும் ஒரு மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தான். வீட்டுச் சமையலறை முக்காலிதான் அவனுக்கு டிரம்ஸ் நாற்காலி. 1994ல் ஒரு சனிக்கிழமை, கேட்காமல் எடுத்துப்போன முக்காலியைத் திரும்ப வாங்க அம்மா தோ பாயோவிலிருந்து பேருந்து ஏறி வந்துவிட்டார். கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நூறு பேர் தலையை ஆட்டிக் குதிக்கிற இடத்தில், காட்டன் புடவையோடு கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முக்கால் மணி நேரம். யாரோ ஒரு பையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எங்கிருந்தோ தூக்கி வந்து, "ஆன்ட்டி, உட்காருங்க" என்று போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், எப்படி இருந்தது என்று. "சத்தம் தாங்கல. ஆனா பையன் கை ஓயவே இல்ல" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்த முக்காலியை அவர் கேட்கவே இல்லை. அண்ணன் வாசிப்பதை அம்மா பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்தப் பிள்ளைகளை அன்று வேறு எந்த இடமும் உள்ளே விட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். சமூக மன்றத்தில் போய் மெட்டல் வாசிக்க வேண்டும் என்று கேட்க முடியுமா? இங்கே கேட்க முடிந்தது.

இந்த மனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் குவோ பாவ் குன்னிடம்தான் போய் நிற்க வேண்டும். 1976ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி 1980 வரை விசாரணையின்றிச் சிறையில் இருந்தவர். குடியுரிமையும் பறிபோனது. 1990ல், சப்ஸ்டேஷன் திறந்த அதே வருடம், அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. குடியுரிமை திரும்பி வந்ததோ 1992ல்தான். அவ்வளவு அனுபவித்த ஒருவர் தன் பெயரை வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் மற்றவர்களுக்குக் கதவு திறந்து வைத்தார். சுமாராக வெற்றி பெறுவதைவிட, பெரிதாக ஒன்றை முயன்று தோற்பது மேல் என்பது அவர் கொள்கை. 2002ல் இறந்துவிட்டார். ஆனாலும் அந்தக் கொள்கையை அந்தக் கட்டடத்தில் கடைசிவரை உணர முடிந்தது.

தமிழர்கள் அவரை நினைக்கத் தனியாக ஒரு காரணமும் உண்டு. 1988ல் அவர் மேடையேற்றிய பன்மொழி நாடகத்தில் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி மட்டுமே தெரிந்த ஒரு கிழவி, காணாமல்போன தன் பூனையைத் தேடி அலைவாள். வழியில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெரியவரைச் சந்திப்பாள். அவரும் பூனையைத் தொலைத்தவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையசைவிலேயே தங்கள் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் கிழவிக்குக் கிடைக்காத பேச்சுத்துணை அந்தத் தமிழரிடம் கிடைக்கும். சிங்கப்பூர் மேடையில் நம் மொழி வேடிக்கைக்காக இல்லாமல், மனிதனின் மொழியாகவே வந்த இடம் அது. இதை எழுதியவர் ஒரு சீனர் என்பதை என் மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

அவருக்குப் பிறகு 1995 முதல் 2000 வரை சப்ஸ்டேஷனை நடத்தியவர் தி. சசிதரன். நாடக நடிகர், கலை விமர்சகர். பின்னர் குவோவுடன் சேர்ந்து நடிப்புப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். இளங்கோவனின் அக்னி கூத்து குழுவும் இந்த அரங்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறது. 2006 ஆகஸ்டில் இங்கே மேடையேற இருந்த அவருடைய நாடகம் ஒன்றுக்குக் கடைசி நேரத்தில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. தமிழ் நாடகம் என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரம் குடும்பத்தோடு சிரித்துவிட்டு வருவது என்று பழகியவர்களுக்கு, நம் மொழியில் இப்படியும் பேசலாம் என்று காட்டியவை அவருடைய நாடகங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1998ல் நானும் இரண்டு தோழிகளும் நாற்பது நிமிடத் தமிழ் நாடகம் ஒன்றை எழுதினோம். வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண், தினமும் இஸ்திரி போட்டுக்கொண்டே ஊருக்குக் கடிதம் எழுதுகிறாள், மனசுக்குள். அவ்வளவுதான் கதை. எங்களில் யாருக்கும் மேடை அனுபவம் கிடையாது. வேறு இரண்டு இடங்களில் கேட்டோம். முன்பு என்ன செய்திருக்கிறீர்கள், எத்தனை டிக்கெட் விற்பீர்கள் என்று கேட்டார்கள். இங்கே அலுவலகத்தில் இருந்த பெண்மணி மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை விளக்கு வேண்டும்? உண்மையான இஸ்திரிப் பெட்டியா? முடிந்ததும் பார்வையாளர்களோடு பேச நேரம் வேண்டுமா?

பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் எங்கள் வீட்டார். இரண்டாவது காட்சியில் எனக்கு வசனம் மறந்துபோய் இஸ்திரி போட்டுக்கொண்டே நின்றேன். முடிந்த பிறகு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்தப் பெண்மணி முன் வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்டார், அந்த மௌனத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று. நான் வசனம் மறந்ததைச் சொன்னேன். "அடுத்த முறையும் மறந்துவிடு" என்றார்.

அடுத்த முறை என்று ஒன்று உண்டு என்று யாரோ எடுத்துக்கொண்டு பேசியது எனக்கு அதுதான் முதல்முறை. இன்று நான் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அந்த ஒரு வரிதான் காரணம்.

குறை சொல்லாத மதிப்புரையை நானே நம்ப மாட்டேன். 2000க்குப் பிறகான பத்தாண்டுகளின் நடுவில் தோட்டத்தை வாடகைக்கு விட்டார்கள். அங்கே நேரடி இசையோடு ஓர் உணவகம் வந்தது. வாடகைப் பணம் நிலையத்தைத் தாங்கியது, அது எனக்குப் புரிகிறது. மானியமும் டிக்கெட்டும் மட்டும் வைத்து ஒரு கலை நிலையத்தை ஓட்ட முடியாது. ஆனால் ஒரு பையன் என் அம்மாவுக்கு நாற்காலி தூக்கி வந்த இடத்தில், மேசைக்கு முன்பதிவு செய்துவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. அந்த உணவகத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. அதற்குப் பிறகும் காட்சிகளுக்குப் போனேன், செப்டம்பர் விழாக்களுக்குப் போனேன், குறும்படங்கள் பார்த்தேன். ஆனால் காட்சி முடிந்து நின்று பேச இடம் சுருங்கிவிட்டது. வாசற்படியில் நின்று பேசிவிட்டு ரயில் பிடிக்கப் போனோம்.

இப்போது மூடுவதற்கு வருவோம். கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், இரண்டு வருடம் ஆகும், அதன் பிறகு பல குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் இடமாக அது இருக்கும், சப்ஸ்டேஷன் அதில் ஒரு குடித்தனமாகத் திரும்பி வரலாம் என்பது தேசியக் கலைகள் மன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. முழுக் கட்டடமும் கையில் இல்லாமல் தங்கள் அடையாளத்தோடு இயங்க முடியாது, இடத்தை வாடகைக்கு விட்டு வரும் வருமானமும் போய்விடும் என்று சப்ஸ்டேஷன் நிர்வாகக் குழு 2021 மார்ச் 2ஆம் தேதி மூடும் முடிவை அறிவித்தது.

அப்போதே தொண்ணூற்றைந்து வருடக் கட்டடம். பழுது பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பல குழுக்களுக்கு இடம் கிடைப்பதும் நல்லதுதான். ஆனால் முழு வீடும் ஓர் அறைக் குடித்தனமும் ஒன்றில்லை. திருமணமான புதிதில் நானும் கணவரும் யீஷூனில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஓர் அறை எடுத்து ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனாலும் இரவு பத்துக்கு மேல் சமைக்கக் கூடாது, விருந்தாளி வந்தால் முன்னமே சொல்ல வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமாவுக்கு ஒரு தோசை சுட்டுப்போட முடியவில்லை. சப்ஸ்டேஷன் அப்படிச் சொல்லாமல் வந்த விருந்தாளிகளுக்காகத்தான் இருந்தது. 1994ல் அண்ணனும் 1998ல் நாங்களும் சொல்லாமல் வந்தவர்கள்தான். யாரை உள்ளே விடலாம் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை இல்லாமல், ஓர் அறையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் அவர்கள் எடுத்த முடிவு வலித்தாலும் அதை நான் மதிக்கிறேன்.

2021 ஏப்ரலில் அப்பாவை அழைத்துப்போனேன். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் உள்ளே வந்ததில்லை. முகக்கவசம், வாசலில் கோவிட் தொடர்பறியும் டோக்கன் காட்டிப் பதிவு, எல்லாம் முடிந்து உள்ளே போனோம். காட்சிக்கூடத்தில் இருந்த எதையும் அவர் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, மூன்றாவது இடத்தில் காதை வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்காகத்தான் கூரையை இவ்வளவு உயரமாக வைத்திருப்பார்கள் என்றார். கேபிள் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று தெருவைக் காட்டினார். அங்கிருந்த இளைஞர் ஒருவர் ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மலாயும் ஆங்கிலமும் கலந்து இருபது நிமிடம் விளக்கினார். இளைஞர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அரங்கம் காலியாக இருந்தது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். "நீ இங்கதான் இஸ்திரி போட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். போய் நின்றேன்.

"அன்னைக்கு எனக்கு ராத்திரி ஷிஃப்ட்டு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.