ஊருணிக்கரை இரவு நடை: தேரையின் காலைப் பார்க்கக் கற்றுத்தந்த ஒரு விடுதிச் சேவை

காரைக்குடிக்கு அருகே பழைய வளவு வீடொன்றை விடுதியாக நடத்துபவர்கள், மழைக்காலத்தில் தங்க வருவோரை இரவில் ஊருணிக்கரைக்கு அழைத்துச் சென்று தேரைகளையும் தவளைகளையும் காட்டுகிறார்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் என் தாயாருடன் சென்றேன்.

வழிகாட்டியாக வந்த உள்ளூர் இளைஞர் பெயர்களை ஒப்பிக்கவில்லை. முற்றத்து வடிகாலோரம் உட்கார்ந்திருந்த தேரையைக் காட்டி, "ஆச்சி, முதல்ல பின்னங்காலைப் பாருங்க" என்று என் தாயாரிடம் சொன்னார். அந்தக் கால் குட்டையானது. தவளையைப்போல் நெடுந்தாவல் தாவ இயலாததால், தேரை தரையோடு தரையாகச் சிறு துள்ளலும் நடையுமாகச் சுற்றி, எறும்பையும் கறையானையும் விளக்கடியில் விழும் ஈசலையும் நாக்கால் ஒற்றி எடுக்கிறது. விரைந்து தப்ப முடியாத அதற்குக் கண்களின் பின்னே புடைத்திருக்கும் இரு நச்சுச் சுரப்பிகளே காவல். நீரையும் அது வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலை ஈரமண்ணில் பதித்து உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் விளக்கியபோது, பகலெல்லாம் அது செம்புறாங்கல் இடுக்கிலும் பூந்தொட்டியடியிலும் ஏன் பதுங்குகிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஊருணியில் கண்கள் மட்டும் தெரிய மிதந்த தவளைக்குப் பின்னங்கால் விரல்களிடையே அகன்ற சவ்வு இருந்தது. திரும்பும் வழியில் சுவரில் ஒட்டியிருந்த மரத்தவளையின் விரல் நுனிகளில் வட்டத் தட்டுகளைக் கண்ட என் தாயார், "இது தேரைக்கு இல்லையே, பிறகு எப்படித் தென்னையில் ஏறித் தேங்காய்க்குள் விழும்?" என்று கேட்டார். பருப்பில்லாத தேங்காய்க்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் சத்துக் குறைபாடுமே காரணங்கள் என்றாலும், தேரை விழுந்தது என்று ஆயுள் முழுதும் சொல்லிவந்தவர் அந்த விரல்களைப் பார்த்தே ஐயம் கொண்டதுதான் இந்த நடையின் மெய்யான மதிப்பு என்பேன்.

குறையும் உண்டு. கொசு விரட்டும் களிம்பு பூசிய கையால் ஒருவர் தேரையைத் தூக்கியபோது எவரும் தடுக்கவில்லை. நீரை உறிஞ்சும் தோல் களிம்பையும் உறிஞ்சக்கூடும் என்பதால், தொடக்கூடாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். கைவிளக்குகளின் ஒளியையும் குறைக்கலாம். ஊருணி வற்றிக் கிடக்கும் கோடையில் இதற்காகப் பதிவு செய்யாதீர்கள்; ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் இரவே ஏற்றது.