கடைசி வரிசையில் உட்காரப் போவது யார்? ஏழு சீட் குடும்ப வண்டிகள்: ஓர் ஒப்பீடு

ஷோரூமுக்கு அப்பா பொங்கல் அண்டாவைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கனமான பித்தளை அண்டா, இரண்டு பக்கமும் காது. பார்த்ததும் விற்பனைப் பையன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "தம்பி, ஏழு பேரும் உக்காரணும், இதும் ஏறணும். ஏறுதான்னு பாத்துச் சொல்லுங்க."

ஏறவில்லை. மூன்று வரிசை சீட்டையும் நிமிர்த்திய பிறகு பின்கதவுக்கும் கடைசி சீட்டின் முதுகுக்கும் நடுவே இரண்டு பள்ளிக்கூடப் பை நிற்கும் அளவுதான் இடம். அண்டாவைச் சாய்த்து, திருப்பி, குப்புறக் கவிழ்த்துப் பார்த்தோம். டிக்கி மூடவே இல்லை. எந்த ஏழு சீட் வண்டி வாங்க நினைப்பவரும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யலாம். எர்டிகாவில் ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது மிச்சமிருப்பது 209 லிட்டர் இடம், கேரன்ஸில் 216, ட்ரைபரில் வெறும் 84. இன்னோவா ஹைகிராஸில் சுமார் 300. விளம்பரத்தில் ஏழு பேர் சிரித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். அவர்களின் பெட்டி படுக்கை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். திருப்பூரிலிருந்து அத்தை வந்து சேர்ந்தால் ஏழு. குலதெய்வம் கோயில் தாராபுரம் பக்கம். கோவையிலிருந்து கிளம்பினால் ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம். இதுவரை ஐந்து சீட் கார் ஒன்றில்தான் காலம் தள்ளினோம், சின்னவன் பாட்டி மடியில். அவனுக்கு இப்போது எட்டு வயது. மடியும் தாங்காது, பெல்ட் இல்லாமல் பிள்ளையை மடியில் வைத்து நெடுஞ்சாலையில் போவது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்த பிறகு எனக்கு மனசும் தாங்கவில்லை.

நம் ஊரில் 'வேன்' என்றால் முன்பு மாருதி ஆம்னிதான். இழுத்து மூடும் கதவு, முன்சீட்டுக்கடியில் என்ஜின், கல்யாண வீட்டுக்கும் காய்கறிக்கும் ஒரே வண்டி. 2019-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அந்த இழுவைக் கதவு இன்று ஈகோவில் இருக்கிறது. அப்புறம் அரைக் கோடிக்கு மேல் கொடுத்தால் கியா கார்னிவலில் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் நமக்கு வாய்ப்பது சாதாரணக் கதவு கொண்ட, எம்.பி.வி. எனப்படும் மூன்று வரிசைக் குடும்ப வண்டிகள்தான். நெருக்கமான பார்க்கிங்கில் கதவைப் பாதி திறந்து கடைசி வரிசைக்கு ஒருவரை அனுப்பும்போதெல்லாம் ஆம்னியை நினைத்துக்கொள்வேன்.

போட்டியில் இருந்தவை நான்கு: ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், டொயோட்டா இன்னோவா. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். இருக்கும் காரையே வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் வாடகை வண்டி எடுப்பது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ட்ரைபர்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகும் வண்டி. நீளம் நான்கு மீட்டருக்குள், என்ஜின் ஒரு லிட்டர். இந்த இரண்டும் சேர்வதால் 2025 செப்டம்பரில் மாறிய ஜி.எஸ்.டி.யில் 18 சதவீதம்தான். மற்ற மூன்றுக்கும் 40. ஆறு லட்சத்தை ஒட்டித் தொடங்கும் விலையில் ஏழு சீட் கார் கிடைப்பது அரிது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கடைசி வரிசை இரண்டு சீட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம் என்பது. கழற்றினால் 625 லிட்டர் டிக்கி. மாதத்தில் இருபத்தைந்து நாள் நான்கு பேர், எப்போதாவது ஒருநாள் உள்ளூருக்குள் ஏழு பேர் என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். ஆனால் 72 குதிரைத் திறன், 96 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்றால் ஓட்டுபவருக்கும் பொறுமை வேண்டும், பின்னால் வருபவருக்கும் வேண்டும். நாங்கள் வருஷத்தில் மூன்று நான்கு முறை மலை ஏறுகிற ஆட்கள். விட்டுவிட்டோம்.

எர்டிகாவா, கேரன்ஸா

உண்மையான போட்டி இங்கேதான். எர்டிகா 2012 முதல் ஓடுகிறது, இப்போதைய வடிவம் 2018-ல் வந்தது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். உதிரி பாகம் மலிவு. நீளம் சுமார் 4.4 மீட்டர்தான் என்பதால் எங்கள் பதினாறு அடி போர்டிகோவில் நிறுத்தி கேட்டைச் சாத்தினாலும் முன்னால் ஓர் ஆள் நுழைந்து போக இடம் மிஞ்சும். பெட்ரோல் மேனுவலுக்கு நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 20.51 கி.மீ. ஊருக்குள் ஓட்டும் தெரிந்தவர்கள் 14, 15 என்கிறார்கள், அதுவே நியாயமான எதிர்பார்ப்பு.

சி.என்.ஜி. எர்டிகா பணத்தை மிச்சப்படுத்தும். கிலோவுக்கு 26.11 கி.மீ. என்பது காகிதக் கணக்கு. 20 கிடைத்தாலே லாபம்தான். ஆனால் சிலிண்டர் உட்காருவது எங்கே தெரியுமா? அந்த 209 லிட்டர் டிக்கியில். மிஞ்சுவதில் ஒரு தண்ணீர் பாட்டில் கட்டு வைக்கலாம். அப்பா அந்த டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, அண்டாவைத் தரையில்கூட இறக்காமல் காருக்குத் திரும்பிவிட்டார்.

கேரன்ஸ் 2022-ல் வந்தது. 2025-ல் கேரன்ஸ் கிளாவிஸ் என்று புதுமுகமும் சேர்ந்தது. எர்டிகாவைவிடக் கொஞ்சம் நீளம் கூடுதலாகக் கிடைத்தாலும் டிக்கி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நீளம் போயிருப்பது ஆட்களின் முழங்காலுக்கு. டீசல் என்ஜினும் உண்டு, எர்டிகாவில் இப்போது அது இல்லை.

மலை ஏறும் குடும்பத்துக்கு அந்த டீசல் பெரிய விஷயம். எர்டிகாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் தன் முழு இழுவிசையையும் தருவது 4,000 சுற்றுக்கு மேல் போன பிறகுதான், அப்போதும் 140 நியூட்டன் மீட்டரைத் தொடாது. கேரன்ஸ் டீசல் 1,500 சுற்றிலேயே 250-ஐத் தந்துவிடும். தனியாக ஓட்டும்போது இது தெரியாது. ஏழு பேர் ஏறி, வளைவில் வண்டி ஏறக்குறைய நின்று, மறுபடி எடுக்கும்போதுதான் தெரியும். நண்பரின் பெட்ரோல் வண்டியில் குன்னூர் ஏறியபோது ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர், என்ஜின் கத்தல், ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பது என்றுதான் போனோம். பின்வரிசையில் இருந்த பையன் பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அந்த வாந்திக்கும் காரணம் உண்டு. கடைசி வரிசை பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. குலுக்கல் அங்கேதான் அதிகம், ஜன்னல் அங்கேதான் சின்னது, ஏசி காற்று அங்கேதான் கடைசியாகப் போய்ச் சேரும். அதனால் பின்னால் காற்றுத் துளை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேரன்ஸில் இருக்கிறது, ட்ரைபரிலும் இருக்கிறது. எர்டிகாவில் மேம்படுத்திய பிறகு வந்தவற்றில் இருக்கிறது, பழையதை வாங்குபவர்கள் திறந்து சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்பில் எர்டிகாவுக்கு 2024-ல், வண்டியை மோத விட்டுப் பார்த்து மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு கொடுத்தது ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். இப்போது ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனையில் வண்டியின் கூடே நிலையற்றது என்று சொல்லியிருந்தார்கள், அதை ஏர்பேக் எண்ணிக்கை மாற்றிவிடாது. கேரன்ஸும் ஒன்றும் முதல் மாணவன் இல்லை: 2022-ல் மூன்று நட்சத்திரம், பிறகு மறுசோதனையில் ஒருமுறை சறுக்கி, தயாரிப்பில் மாற்றம் செய்தபின் மறுபடி மூன்று. இந்த வரிசையில் ஐந்து வாங்கியது ஹைகிராஸ், 2025-ல் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில். ட்ரைபர் 2021-ல் வாங்கிய நான்கு, பழைய விதிப்படி வாங்கியது.

விலை விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18, 20 லட்சத்துக்கு மேல் 20. 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.10 லட்ச ரூபாய் வண்டிக்கு 1.82 லட்சம். ஒரு டச் ஸ்கிரீனுக்கு ஆசைப்பட்டு இருபதாயிரம் கூடுதலாகப் போனால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் போகும். எர்டிகாவில் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் வேரியன்ட் கிடைக்கும். கேரன்ஸ் தொடங்குவதே கோட்டுக்கு மேலே. எர்டிகா வாங்கியவர்கள் சிரிக்க வேண்டிய இடம் இது.

இன்னோவா

குவாலிஸ் போய் 2005-ல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் இது வண்டியின் பெயராகவே இல்லை, அந்தஸ்தின் பெயர். இப்போது இன்னோவா இரண்டு வகை. கிரிஸ்டா பழைய மண்ணின் மைந்தன்: லாரி போல ஏணிச் சட்டம், பின்சக்கர இழுவை, 343 நியூட்டன் மீட்டர் டீசல். மூன்று லட்சம் கி.மீ. ஓடிய டாக்ஸிகளே சாட்சி. ஹைகிராஸ் வேறு ஜாதி: சட்டம் இல்லாத உடல், முன்சக்கர இழுவை, பெட்ரோல் ஹைபிரிட், காகிதத்தில் 23.24 கி.மீ.

இரண்டையும் பிரித்துக் காட்டியது அப்பாவின் முழங்கால். கிரிஸ்டாவின் தரை உயரம். கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சை இழுத்து, என் தோளில் கை ஊன்றித்தான் அவரால் ஏற முடிந்தது. ஹைகிராஸில் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கிரிஸ்டாவின் கடைசி சீட்டுகளை மடக்கினால் அவை இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கி நிற்கும், நடுவில்தான் சாமான். ஹைகிராஸில் தரையோடு படிந்துவிடும். வீட்டில் வயசானவர்கள் இருந்து, பணமும் இருந்தால் நான் ஹைகிராஸ்தான் என்பேன், டாக்ஸி டிரைவர்கள் கிரிஸ்டாவுக்கு எவ்வளவு சத்தியம் செய்தாலும்.

பணம்தான் இல்லை. சாலைக்கு வரும்போது ஹைபிரிட் முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. போர்டிகோவில் முன்னும் பின்னும் சேர்த்து அரை அடிகூட மிஞ்சாது.

பழைய இன்னோவா வாங்கலாமே என்று மாமா சொன்னார். போய்ப் பார்த்தோம். ஒரு தரகர் காட்டிய வண்டியில் மீட்டர் 80,000 கி.மீ. காட்டியது, பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஆர்.சி. விவரத்தைத் தேடினால் முதல் ஐந்து வருஷம் மஞ்சள் போர்டில் ஓடிய வண்டி. பழைய இன்னோவா பார்ப்பவர்கள் மீட்டரை விட்டுவிட்டு பெடலையும் ஸ்டீயரிங்கையும் டிரைவர் சீட்டின் ஓரத்தையும் பாருங்கள்.

வாடகை வண்டி

எங்கள் தெருமுனை டிராவல்ஸில் இன்னோவாவுக்குச் சொன்னது கிலோமீட்டருக்கு 20 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ., டிரைவர் பேட்டா தனி. வருஷத்துக்கு எட்டு நாள், நாளுக்கு 300 கி.மீ. என்றால் 48,000. பேட்டாவும் டோலும் சேர்த்து அறுபதுக்குள் முடியும். ஐந்து சீட் காருக்கும் கேரன்ஸுக்கும் நடுவே ஐந்தாறு லட்சம் வித்தியாசம். காகிதத்தில் வாடகைதான் ஜெயிக்கிறது. ஏழு பேர் கூடுவது வருஷத்துக்கு எட்டு நாள்தான் என்றால் தயவுசெய்து பெரிய வண்டி வாங்காதீர்கள்.

எங்கள் கணக்கு அங்கே உதைத்தது. ஏழு பேர் கூடுவது எட்டு நாள், ஆனால் ஆறு பேர் வாரம் ஒருமுறை. ஆஸ்பத்திரி, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை அன்னபூர்ணா ஓட்டல். அதற்கெல்லாம் டிராவல்ஸுக்கு போன் போட முடியாது.

முடிவெடுத்தது நானில்லை. எல்லா ஷோரூமிலும் நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தபோது, மனைவி நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, நடு சீட்ல அத்தையும் மாமாவும். பின்னாடி உக்காரப் போறது நானும் பெரியவளும்தானே. அப்ப நான் உக்காந்து பாத்துதான் சொல்லணும்." கால் மணி நேரம் உட்கார்ந்தாள். முழங்கால் மார்புக்கு எவ்வளவு பக்கம் வருகிறது, தலை கூரையில் இடிக்கிறதா, பெல்ட் மூன்று முனையா, நடு சீட்டை மடக்க ஒரு கை போதுமா என்று பார்த்தாள். கேரன்ஸின் மேல் வேரியன்ட்களில் இடப்பக்க நடு சீட் ஒரு பொத்தானை அழுத்தினால் தானே மடங்கி முன்னால் போகிறது. அதை மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். நடு சீட்டில் குழந்தை இருக்கை மாட்டுபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதை மாட்டினால் அந்தப் பக்கம் சீட் மடங்காது, பின்னால் போகிறவர் மறுபக்கம்தான் ஏற வேண்டும்.

கேரன்ஸ் கிளாவிஸ் டீசல், மேனுவல். புக் பண்ணிவிட்டு வந்தோம். அண்டாவுக்கு ஒரு ஏற்பாடும் ஆயிற்று: ஆறு பேராகப் போகும் நாளில் கடைசி வரிசையில் ஒரு பாதி மடங்கிக்கொள்ளும். ஏழு பேராகப் போகும் நாளுக்கு, கோயில் பூசாரி வீட்டிலேயே அண்டாவை வைத்துவிடலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.