இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்? சென்னைக் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

கொளத்தூர்ப் பக்கம் போய் "வீட்டுக்கு ஒரு இரண்டடி டேங்க், மீனும் நீங்களே போட்டுக் குடுங்க" என்று கேட்டால் பல கடைகளில் கைக்கு வருவது ஒரே கூட்டணிதான்: தங்கமீன் நான்கு, குட்டி ஷார்க் இரண்டு, ஏஞ்சல் ஒரு ஜோடி, பாசி தின்ன ஒரு சக்கர். தொட்டியின் அளவு 24×12×12 அங்குலம். கணக்குப்படி 56 லிட்டர். அடியில் கல் போட்டு, மேலே இரண்டு விரல் இடம் விட்டால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர். அந்தக் கூட்டணியில் ஒன்றுகூட இந்தத் தண்ணீருக்கு உரியதல்ல.

முதலில் ஷார்க். பெயர்தான் சுறா, ஆள் கெளுத்தி இனம். ஹோட்டலில் முள்ளில்லாத 'பாசா' என்று தட்டில் வருகிறதே, அதே பங்காசியஸ்தான் விரல் நீளத்தில் கண்ணாடிக்குள் விற்கப்படுகிறது. முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டும். வளரும் முன்பே மிரண்டு ஓடி, கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். எந்த வீட்டுத் தொட்டிக்கும் வேண்டாம்.

சக்கர் 40 சென்டிமீட்டர் வரை போகும். குட்டியாக இருக்கும்போது பாசியைச் சுரண்டும். பெரிதானதும் தீனிக்குத்தான் காத்திருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது போடும் கழிவு மற்ற எல்லா மீனும் போடுவதைவிட அதிகம். கையை மீறி வளர்ந்தபின் ஏரியில் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த அயல் மீன் பெருகிக் கிடப்பதற்கு இப்படி விட்டதும் ஒரு காரணம். பாசியைக் கட்டுப்படுத்த விளக்கை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், வெயில் படும் ஜன்னலோரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

தங்கமீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் முதல் மீனும் முதலில் சாகும் மீனும் பெரும்பாலும் இதுதான். உருண்டை உடம்பு ரகங்களே 15 முதல் 20 சென்டிமீட்டர் வளரும். நிறையத் தின்று நிறையக் கழிக்கும். ஆனால் சென்னையில் பெரிய வில்லன் சூடு. தங்கமீனுக்கு ஒத்துவருவது 18 முதல் 23 டிகிரி. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி தொடும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை. சூட்டில் மீனுக்கு மூச்சும் பசியும் கூடுகின்றன, காற்றோ குறைகிறது. பெரிய தொட்டி, வலுவான ஏர் பம்ப் என்று கட்டிக்காப்பவர்கள் உண்டு. 45 லிட்டரில் நடக்காது. ஊட்டி, கொடைக்கானலில் சூட்டுப் பிரச்சினை இல்லை. அங்கேயும் இடம் போதாது என்ற குறை அப்படியே நிற்கும்.

ஏஞ்சலுக்குச் சூடு பிரச்சினையில்லை, உயரம்தான் பிரச்சினை. துடுப்போடு சேர்த்தால் ஒரு அடியைத் தொடும் மீனை ஒரு அடி உயரத் தொட்டியில் வைக்கவே கூடாது. குறைந்தது 18 அங்குல உயரம் வேண்டும்.

ஆகவே நிறத்தைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை மூன்று: வளர்ந்தபின் எவ்வளவு நீளம், கோடைச் சூட்டைத் தாங்குமா, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது. கடைசிக் கேள்விக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் போதும். அது நேரடியாகக் கடினத்தன்மையைக் காட்டாது, ஆனால் நல்ல துப்பு. போர் தண்ணீரில் 500, 800 என்று காட்டினால் நியான் டெட்ராவை மறந்துவிடுங்கள். அமேசான் பக்கத்து மென்னீர் மீன் அது. 26 டிகிரிக்கு மேல் வாடும். கார்டினல் டெட்ரா சூட்டைத் தாங்கும், உப்பு ஏறிய தண்ணீரைத் தாங்காது.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு கப்பி, அடுத்து பிளாட்டி. இரண்டுமே கடினத் தண்ணீரை விரும்புபவை, சூட்டுக்கு அஞ்சாதவை. ஆண்களை மட்டும் வாங்குங்கள். அடிவயிற்றுத் துடுப்பு விசிறிபோல் விரிந்திருந்தால் பெண், குச்சிபோல் நீண்டிருந்தால் ஆண். ஒரே ஒரு பெண் வந்துவிட்டாலும் மாதம் 20, 30 குட்டி. ஆணைப் பிரித்த பிறகும் சேமித்துவைத்த விந்தணுவால் பல மாதம் தொடர்ந்து ஈனும். பெரிய வால், புதுப் புது நிறம் என்று விலை ஏறிய கப்பிகள் நெருங்கிய உறவு மீன்களையே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் பலம் இழந்தவை. சாதாரணக் கலப்புக் கப்பியே முதல் தொட்டிக்கு நல்லது. மோலி இன்னும் உறுதி, கடலோர உவர்த் தண்ணீரிலும் நிற்கும். ஆனால் 10 சென்டிமீட்டர் ஆகும் என்பதால் இந்த அளவுக்கு மூன்று போதும்.

மெட்ரோ வாட்டர், டி.டி.எஸ். 300க்குள் என்றால் தேர்வு விரியும். இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆண் மூன்று, பெண் ஐந்து என்று விட்டு, நிழலுக்குச் செடி வைத்தால் ஆண்கள் மிளகாய்ப்பழச் சிவப்புக்கு வரும். கடையின் வெறும் கண்ணாடியில் வெளிறிக் கிடப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கோடையில் மட்டும் தொட்டியின் மேல் ஒரு சின்ன விசிறி ஓடட்டும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஹனி கௌராமி இதற்கு நல்ல துணை. ஃபைட்டரைப் போலவே இதற்கும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, அதனால் சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். பார்க்க இன்னும் பளிச்சென்று இருக்கும் ட்வார்ஃப் கௌராமியில் இரிடோ வைரஸ் தொல்லை அதிகம், அதற்கு மருந்தும் கிடையாது. தவிர்க்கலாம்.

ஃபைட்டர்: முழுத் தொட்டிக்கும் அதுவே ராஜா என்றால் சரி. கப்பியோடு விட்டால் வாலைப் பார்த்து எதிரி என்று நினைத்துக் கிழிக்கும். டைகர் பார்ப் எட்டுக்குக் குறைந்தால் மற்றவற்றின் துடுப்பைக் கடிக்கும், எட்டு விடவோ இங்கே இடம் இறுக்கம். ஜீப்ரா டேனியோ எதையும் தாங்கும், மூடி இல்லையென்றால் தரையில் கிடக்கும். இளஞ்சிவப்பு, பச்சை என்று மின்னும் கலர் விடோ (டெட்ராவில் ஒரு வகை) பெரும்பாலும் சாயம் ஏற்றியது. சில மாதத்தில் நிறம் போய்விடும், சாயமேற்றும் சித்திரவதையில் சாவதும் அதிகம். வாங்காதீர்கள். சாயமேற்றாத கறுப்பு விடோ நல்ல உழைப்பாளி மீன்.

இந்தத் தொட்டிக்கு நாங்கள் சொல்லும் இரண்டு கூட்டு: போர் தண்ணீரில் ஆண் கப்பி எட்டு, பிளாட்டி நான்கு. மெட்ரோவில் செர்ரி பார்ப் எட்டு, ஹனி கௌராமி ஒரு ஜோடி. இதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவும் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனில்லாமல் தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். ஆரோக்கியமான பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் பாதியாகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டியபின் முதலில் நான்கு மீன், இரண்டு வாரம் கழித்து மற்றவை. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில், அதே சூட்டில், அதே அளவு அம்மோனியாவின் விஷப்பகுதி ஏறத்தாழ பத்து மடங்கு. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் ஏன் செத்துச்சு" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும்.

கடையில் ஊதா, சிவப்பு எல்.ஈ.டி.க்குக் கீழே எல்லா மீனும் அழகு. வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு சிட்டிகைத் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னாத மீனை எடுக்காதீர்கள். துடுப்பை ஒடுக்கிவைத்திருப்பது, குழிந்த வயிறு, உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். லாட் இறங்கி ஒரு வாரம் கடையில் தாக்குப்பிடித்த மீன் கிடைத்தால் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர், நான்கு தடவை. கடைசியில் வலையில் மீனை மட்டும் எடுத்து விட்டு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.