ஃபோட்டோரெக்: எங்கட சிக்னேச்சர எழுதிக் குடுத்தா தேடித் தரும், ஆனா ஃபைல் எங்க முடியுது எண்டு அதுக்குத் தெரியாது

லினக்ஸ்ல அழிஞ்ச ஃபைல் எடுக்க ஃபோட்டோரெக் எண்டு ஒண்டு இருக்கிறது கனபேருக்குத் தெரியும், கலியாண வீட்டு ஃபோட்டோ எல்லாம் அதால திரும்பி வந்த ஆக்கள் எங்கட திருகோணமலையிலயே இருக்கினம். நான் எழுத வந்தது அதுக்குள்ள ஒரு மூலையில கிடக்கிற கஸ்டம் சிக்னேச்சர் வசதியப் பத்தி. சிக்னேச்சர் எண்டா ஒரு வகை ஃபைல் எல்லாத்திலயும் தொடக்கத்தில ஒரே மாதிரி வாற அடையாள பைட்டுகள். அதுக்குத் தெரியாத ஃபைல் வகையையும் நாங்களே சொல்லிக் குடுத்துத் தேட வைக்கலாம். சல்லிக்காசு இல்லாம கிடைக்கிற சாமானுக்கு இது தங்கம், ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அது தெரியாம இறங்கினா வந்த ஃபைலப் பாத்து ஒண்டும் விளங்காது.

எங்கட அக்கா டவுன்ல பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் எம்பிராய்டரி கடை வச்சிருக்கிறா, ப்ளவுஸ் வேலை, சாரி போர்டர், ஸ்கூல் பட்ஜ் எல்லாம். டிசைன கொம்பியூட்டர்ல ஒரு சொஃப்ட்வெயர்ல கீறி (பேர் வேண்டாம்), அதை அதுட சொந்த வகை ஃபைலா சேமிச்சு வச்சு, பிறகு மெஷினுக்கு டிஎஸ்டியா மாத்திக் குடுக்கிறது. ரெண்டும் ஒரே பென் டிரைவ்லதான். ஒரு நாள் செருகேக்க ஃபோமட் பண்ணட்டோ எண்டு கொம்பியூட்டர் கேட்க வேலைக்கு நிண்ட பொடியன் ஓம் எண்டு அமத்திட்டான். டிஎஸ்டி மட்டும் கிடைச்சாக் காணாதோ எண்டு நீங்க கேக்கலாம். டிஎஸ்டிக்குள்ள ஊசி எங்க குத்தோணும் எண்டது மட்டும்தான் இருக்கும், என்ன கலர் எண்டதும் இல்ல, பூவைக் கொஞ்சம் பெருசாக்கோணும் எண்டாலும் தையல் அடர்த்தி பிழைச்சுப் போயிடும், அதால மூல ஃபைல்தான் அவவுக்கு முதல். ஒரு கடையில கேட்டதுக்கு கொழும்புக்கு அனுப்போணும் எண்டு சொல்லி ஒரு தொகை சொல்லிச்சினம், அக்கா திரும்பி வந்து "தம்பி, அந்தக் காசுக்கு நான் எல்லாத்தையும் முதல்ல இருந்து கீறுவன், நீ ஒருக்கா பார்" எண்டா.

குவிக் ஃபோமட் எண்டா ஃபேட் வகை பென் டிரைவ்ல என்ன நடக்குது எண்டா, எந்த ஃபைல் எங்க இருக்கு எண்ட அட்டவணையும் மேல் ஃபோல்டர் பட்டியலும்தான் துடைபடும், ஃபைலுக்குள்ள இருந்த சரக்கு அப்படியே கிடக்கும், மேல வேற எதையும் எழுதாத வரைக்கும். ஃபோட்டோரெக் அந்த அட்டவணையை நம்புறதே இல்ல. அது டிஸ்க்க கட்டம் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துட தொடக்கத்தையும் பாத்து, இது எனக்குத் தெரிஞ்ச தலையோ, அதாவது ஒரு ஃபைல் தொடங்கிற அடையாளமோ, எண்டு கேட்டுக்கொண்டு போகும். பிடிஎஃப் எண்டா ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ணுற முறையில) 25 50 44 46 எண்டு தொடங்கும், எம்பி4 எண்டா நாலு பைட் தள்ளி 66 74 79 70 இருக்கும். இப்பிடி 480க்கு மேல எக்ஸ்டென்ஷன் அதுக்குத் தெரியும். பிரான்ஸ்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதினது, ஜிபிஎல் லைசன்ஸ், உபுண்டுவிலயும் டெபியன்லயும் டெஸ்ட்டிஸ்க் எண்ட பக்கேஜ் போட்டா இதுவும் கூட வரும். ஆனா ஒரு சின்னக் கொம்பனி தன்ட பாட்டுக்கு உருவாக்கின ஃபைல் வகை அந்தப் பட்டியல்ல எப்பிடி இருக்கும், இல்லத்தான்.

பென் டிரைவ்ல நேர வேலை செய்யாதேங்கோ. முதல்ல ஜிஎன்யு டிடிரெஸ்கியூவால முழுக்க ஒரு இமேஜ் (பென் டிரைவ்ட அச்சு அசல் நகல், ஒரே ஃபைலா) எடுத்துப் போட்டு (டெபியன் பக்கம் பக்கேஜுக்குப் பேர் ஜிடிடிரெஸ்கியூ, ஒரு ஜி கூட), எது வரைக்கும் எடுத்தது எண்டு குறிச்சு வைக்கிற மேப் ஃபைலும் குடுத்தா இடையில நிண்டாலும் விட்ட இடத்தில இருந்து தொடங்கும். பிறகு எல்லாம் அந்த இமேஜ்லதான். இதால இன்னொரு நன்மை, இமேஜ் எங்கட சொந்த ஃபைல் எண்டதால ஃபோட்டோரெக்குக்கு சூடோ (ரூட் எண்ட நிர்வாகி அதிகாரத்தில ஓட விடுற கட்டளை) தேவையில்ல. இது ஏன் முக்கியம் எண்டு கீழ சொல்றன்.

சிக்னேச்சர் பிடிக்கிறதுதான் உண்மையான வேலை, மிச்சம் எல்லாம் பட்டன் அமத்திறது. அக்கா முந்தி ஆக்களுக்கு ஈமெயில்ல அனுப்பின டிசைன் ஃபைல் சிலது தப்பிக் கிடந்தது, அதுகள எடுத்து எக்ஸ்எக்ஸ்டி கட்டளையால ஒவ்வொண்டுட முதல் 64 பைட்டையும் வரிசையா விரிச்சுப் பாத்தன். ஒரு ஃபைல் 37 48 01 00 எண்டு தொடங்குது, அடுத்தது வேற நாலு, அதுக்கடுத்தது இன்னும் வேற. ஆனா நாலு பைட் தள்ளி எல்லாத்திலயும் 45 44 50 32 00 01 00 00 எண்டு அச்சடிச்ச மாதிரி ஒண்டுதான். அப்ப ஒஃப்செட் (தொடக்கத்தில இருந்து எத்தினை பைட் தள்ளி எண்டது) 4, அந்த எட்டு பைட்டும்தான் அடையாளம். ஒரே ஒரு சாம்பிள வச்சு எழுதினா என்ன ஆகும் எண்டா முதல் நாலையும் சேத்து எழுதிப்போட்டு அந்த ஒரு ஃபைல மட்டும் தேடிக்கொண்டு இருப்பீங்க. வேற வேற சைஸ்ல, வேற வேற வருஷத்தில சேமிச்ச சாம்பிள் வேணும், பழைய வெர்ஷன்ல சேமிச்சதும் ஒண்டு இருந்தா இன்னும் நல்லம், வெர்ஷன் நம்பர் அந்தத் தலைக்குள்ள ஒளிச்சிருந்தா அப்பதான் பிடிபடும்.

இனி எழுதுறது ஒரே ஒரு வரி. முதல்ல எக்ஸ்டென்ஷன், பிறகு ஒஃப்செட், பிறகு சிக்னேச்சர், நடுவில இடைவெளி, அவ்வளவுதான். பைட்டா எழுதினா முன்னுக்குப் பூச்சியமும் எக்ஸும் போட்டு எழுதோணும், எழுத்தா இருந்தா மேற்கோள் குறிக்குள்ள அப்படியே எழுதலாம். இதை ஃபோட்டோரெக் டொட் சிக் எண்ட பேர்ல நாங்க நிக்கிற ஃபோல்டர்லயே வைக்கலாம், இல்லாட்டி முன்னுக்குப் புள்ளி போட்ட பேர்ல ஹோம் ஃபோல்டர்ல வைக்கலாம். ஹோம்ல வச்சிட்டு சூடோ போட்டு ஓட விட்டீங்கள் எண்டா கனவேளை அது ரூட் ஆளுட ஹோம்ல போய்த் தேடும், உங்கட ஃபைலக் கணக்கிலயே எடுக்காது, ஒரு எச்சரிக்கையும் சொல்லாது. சூடோ இல்லாம இமேஜ்ல செய்யுங்கோ எண்டு மேல சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம், மற்றது சூடோ போட்டா வாற ஃபைல் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமா வந்து பிறகு ஓனர் மாத்திற தொல்லை.

எனக்கு ஆகப் பிடிச்சது ஃபைடென்டிஃபை எண்ட குட்டிப் புரோகிராம். நல்ல சாம்பிள் ஒண்டைக் குடுத்தா இது இன்ன வகை எண்டு சொல்லும், சிக்னேச்சர் பிழையா எழுதியிருந்தா அன்நோன் எண்டு வரும். பென் டிரைவ் முழுக்க மணிக்கணக்கில ஸ்கேன் பண்ணிப்போட்டு ஏன் ஒண்டும் வரேல்ல எண்டு மண்டையக் குழப்பாம, செக்கன்ல தெரிஞ்சிடும். மற்றப் பக்கமும் பாக்கோணும், சம்பந்தமே இல்லாத கொஞ்ச ஃபைலயும் அதுக்குக் குடுத்துப் பாருங்கோ, அதையும் எங்கட வகை எண்டு சொன்னா சிக்னேச்சர் கட்டை எண்டு அர்த்தம், இன்னும் ரெண்டு மூண்டு பைட் சேருங்கோ.

ஓட விடேக்க ஃபைல் ஒப்ஷன் மெனுவுக்குள்ள கஸ்டம் எண்ட வரியில புள்ளடி இருக்கோ எண்டு பாக்கோணும். இஞ்ச கனபேர் விடுற பிழை, எங்களுக்கு எங்கட ஃபைல் மட்டும்தானே வேணும் எண்டு மிச்சம் எல்லாத்தையும் எடுத்து விடுறது. அப்பிடிச் செய்தா ஒரு டிசைனுக்குப் பின்னால ஒரு ஃபோட்டோ இருந்தா அந்த ஃபோட்டோட தலை அதுக்குத் தெரியாது, டிசைன்ட வாலில அதையும் சேத்து விழுங்கிடும். எல்லாத்தையும் விட்டு வையுங்கோ, குப்பை கூட வரும்தான், ஆனா ஃபைல்கள் வெட்டுப்படுற இடம் சரியா இருக்கும். இடையில கரண்ட் போனாலும் பயமில்ல, எங்க நிண்டது எண்டு தானே ஒரு செஷன் ஃபைல்ல எழுதி வைக்கும், திரும்பத் திறக்கேக்க தொடரட்டோ எண்டு கேக்கும். எங்கட பக்கம் இது பெரிய விஷயம்.

இப்ப அந்த ஓட்டை. கஸ்டம் சிக்னேச்சர்ல தொடக்கம் மட்டும்தான் சொல்லலாம், முடிவு சொல்ல இடமில்ல. ஆகக்கூடின சைஸ் எண்டும் குடுக்க ஏலாது. அடுத்த தெரிஞ்ச தலை எங்க வருதோ அது வரைக்கும் எல்லாம் இந்த ஃபைல்தான் எண்டு நினைச்சு எழுதிக்கொண்டே போகும். எண்பது கேபி டிசைன் எல்லாம் ஊதிப்போய் வந்தது, கடைசியா கிடந்த ஒண்டு, பின்னால வெத்து இடம் எண்டதால, நூற்றுக்கணக்கான எம்பியில வந்து நிக்குது. ஊதினது பரவாயில்ல எண்டு நினைச்சு அக்காட கொம்பியூட்டர்ல திறந்தா அந்த சொஃப்ட்வெயர் ஃபைல் பழுதாப் போச்சு எண்டு ஒண்டையும் திறக்க மாட்டன் எண்டுது.

அப்பதான் அந்த முதல் நாலு பைட்டத் திரும்பப் பாத்தன். 37 48 01 00, இதைப் பின்னால இருந்து வாசிச்சா 00 01 48 37, தசமத்துக்கு மாத்தினா 84,023. அந்த சாம்பிள் ஃபைல்ட சைஸும் சரியா 84,023 பைட். ஃபைல் தன்ட நீளத்தைத் தானே தலையில எழுதி வச்சிருக்கு, சொஃப்ட்வெயர் அதையும் உண்மையான சைஸையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் மாட்டன் எண்டு நிண்டிருக்கு! மற்ற சாம்பிளிலயும் அப்படித்தான். பிறகென்ன, பைதன்ல சின்னதா ஒண்டு எழுதி, முதல் நாலு பைட்ட வாசி, அவ்வளவு நீளத்துக்கு வெட்டு, வேற ஃபோல்டர்ல சேமி எண்டு விட்டா அனேகமா எல்லாம் திறக்குது. திறக்காததுகள் துண்டு துண்டாப் பிரிஞ்சு கிடந்த ஃபைல்கள், திரும்பத் திரும்ப எடிட் பண்ணி அதே பென் டிரைவ்லயே சேமிச்சதுகள், ஃபோட்டோரெக் எங்கட சிக்னேச்சருக்கு ஒரு ஃபைல் தொடர்ச்சியாக் கிடக்கும் எண்டுதான் நம்பி எடுக்கும், அதுக்கு மேல அதைக் குறை சொல்ல ஏலாது.

உங்கட ஃபைல் வகைக்கும் இப்பிடி நீளம் எங்கயாவது எழுதியிருக்கோ எண்டு கட்டாயம் தேடுங்கோ. சொல்லப்போனா டிஎஸ்டியிலயும் ஒரு வழி இருக்கு, 512 பைட் தலை, எல்லாம் வாசிக்கக்கூடிய எழுத்து, அதுக்குள்ள எஸ்டி எண்டு போட்டு முக்காற்புள்ளிக்குப் பின்னால எத்தினை தையல் எண்டு இருக்கும், ஒரு தையலுக்கு மூண்டு பைட். பெருக்கி 512ஐக் கூட்டினா ஏறக்குறைய சைஸ் வந்திடும்.

முடிவு சொல்லக்கூடியது வேணும் எண்டா ஃபோர்மோஸ்ட், ஸ்கால்பல் எண்டு ரெண்டு இருக்கு. ஃபோர்மோஸ்ட் அமெரிக்க விமானப்படையின்ட விசாரணைப் பிரிவில இருந்து வந்தது, ஸ்கால்பல் அதுட பழைய வெர்ஷன் ஒண்ட வச்சுத் திருத்தி எழுதினது. ரெண்டிலயும் கொன்ஃபிக் ஃபைல்ல ஒரு வரியிலயே எக்ஸ்டென்ஷன், ஆகக்கூடின சைஸ், தலை, வால் எல்லாம் குடுக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் அதே இமேஜ ஸ்கால்பல்லயும் போட்டுப் பாத்தன், ஆனா அது சும்மா விட்டா கட்டத்துட தொடக்கம் எண்டு பாக்காம டிஸ்க்ல எந்த மூலையில அந்த பைட் வந்தாலும் பிடிக்கும், அதால கட்டை சிக்னேச்சர் குடுத்தா குப்பை மலையா வரும். கியூ எண்ட ஒப்ஷன் போட்டு கிளஸ்டர் (அந்தக் கட்டம்) சைஸக் குடுத்தா இது அடங்கும். எங்கட ஃபைலுக்கு வால் எண்டு ஒண்டு இல்லாததால எனக்கு அதால பெரிய லாபம் இல்ல, உங்கட வகைக்கு நிச்சயமான வால் இருந்தா ஸ்கால்பல்தான் சுகம்.

ஃபோட்டோரெக்ட விளக்கக் குறிப்பு கஞ்சத்தனம். சிக் ஃபைல் எப்பிடி எழுதுறது எண்டு இருக்கு, அதுக்குப் பிறகு வாற ஃபைல் ஊதும், வெட்டோணும் எண்டு ஆளுக்கு உறைக்கிற மாதிரி இல்ல. சி மொழி தெரிஞ்ச ஆக்கள் சோர்ஸ் கோட்ட எடுத்துப் பாருங்கோ, ஒவ்வொரு வகைக்கும் தனி ஃபைல், அதில நீளத்தை வாசிச்சுச் சரியா நிப்பாட்டவும் வழி இருக்கு. அந்த சிக் வரியில நாலாவதா ஆகக்கூடின சைஸ் எண்டு ஒண்டைச் சேத்தாலே எங்கள மாதிரி ஆக்களுக்கு முக்கால்வாசி வேலை குறைஞ்சிடும், ஏன் இன்னும் செய்யேல்லயோ.

எஸ்எஸ்டியில அழிஞ்சது எண்டா பெருசா எதிர்பாக்க வேண்டாம், ட்ரிம் (அழிச்ச இடத்தை டிரைவ் தானே துடைக்க விடுற கட்டளை) ஓடியிருந்தா சரக்கே இருக்காது, சிக்னேச்சர் என்ன எழுதினாலும் ஒண்டுதான். பென் டிரைவ், மெமரி கார்ட், பழைய ஹார்ட் டிஸ்க் எண்டா தாராளமா இறங்கலாம். இந்த வசதிக்கு என்ட கணக்கில அஞ்சு மார்க்குக்கு நாலு.

பேர் மட்டும் திரும்பி வராது. எஃப் எண்டு போட்டு செக்டர் நம்பர்தான் பேரா வரும், அந்த நம்பர் வரிசையில பாத்தா ஏறக்குறைய சேமிச்ச ஒழுங்கில இருக்கும், பக்கத்துப் பக்கத்தில வாறது ஒரே ஓடரா இருக்கலாம். அக்கா ஒவ்வொண்டாத் திறந்து "இது உவர்மலை டீச்சர்ட ப்ளவுஸ், இது ஸ்கூல் பட்ஜ்" எண்டு பேர் வச்சுக்கொண்டு இருக்கிறா, பொடியனுக்குப் பக்கத்தில இருந்து அதை டைப் பண்ற வேலை.