சிங்கப்பூருக்கு டிபில (வீட்டுக்காரர் வேலையை வச்சுக் கிடைக்கிற டிபெண்டன்ட்ஸ் பாஸ்) வந்து புது வேலைக்கு கோர்ஸ் தேடுறவங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். போன வாரம் எங்க பிளாக் கீழ ஒரு பொண்ணு, ஊர்லேர்ந்து வந்து நாலு மாசம்தான் ஆகுது, நான் ஏமாந்த அதே இன்ஸ்டிடியூட் நோட்டீஸை கையில வச்சுக்கிட்டு "அக்கா, இதுல சேரலாமா"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

நான் திருச்சில ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல 9 வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சர். வீட்டுக்காரருக்கு இங்க வேலைக்கான ஈ.பி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) கிடைச்சுது, நான் டிபில வந்தேன். முதல் ஒரு வருஷம் எப்படிப் போச்சுன்னு இப்படி வந்தவங்களுக்கு சொல்லவே வேண்டாம். காலைல அவர் கிளம்பினதும் பொங்கோல் வீட்டுல நானும் வாஷிங் மெஷினும்தான். கெமிஸ்ட்ரி வேலை கிடைக்காதுன்னு புரிஞ்சுபோச்சு, சரி, பாலர் பள்ளில தமிழ் டீச்சராவது ஆகலாம், சின்னப் பிள்ளைங்கன்னா எனக்கு உயிருன்னு முடிவு பண்ணினேன்.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கடைவீட்டு மாடில அந்த இன்ஸ்டிடியூட். பேர் சொல்லப்போறதில்ல, பணம் இன்னும் வரவேண்டியிருக்கு. ஆள் நல்ல தமிழ் பேசினார், வாய்க்கு வாய் சிஸ்டர் சிஸ்டர்னார். ஆறு மாசம் டிப்ளமா, முடிச்சதும் வேலை செய்ய மனிதவள அமைச்சு தர்ற அனுமதிக் கடிதமான எல்.ஓ.சி பத்தி, "எல்.ஓ.சி நாங்களே எடுத்துக் குடுத்துடுவோம் சிஸ்டர், அது ஒரு லெட்டர்தான், மூணு வாரத்துல வந்துடும்"னு சொன்னார். அங்க படிச்ச ஒரு பொண்ணுகிட்ட போன்ல பேசவும் வச்சார், அந்தப் பொண்ணு "ஆமா அக்கா, எனக்கு வந்துச்சு, இப்ப வேலைக்குப் போறேன்"னு சொல்லிச்சு. அது பொய்யில்ல, அதுதான் இதுல பெரிய கொடுமை, கீழ சொல்றேன்.

ஃபீஸ் 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எங்கம்மா குடுத்த ரெண்டு வளையலை ஊர்ல அடகு வச்சு பாதி, வீட்டுக்காரர் போனஸ்ல பாதி. பேநவ் (பேங்க் ஆப்ல உடனே பணம் அனுப்புறது) பண்ணச் சொன்னது கம்பெனியோட பதிவு நம்பரான யூ.இ.என்-க்கு இல்ல, ஒரு ஹேண்ட்போன் நம்பருக்கு. ரசீது பேனால எழுதிக் குடுத்தாங்க, வாசல் போர்டுல ஒரு பேர், ரசீதுல வேற பேர். எனக்கு அப்பவே தட்டிருக்கணும். கேட்டேன், "ரெண்டும் நம்ம கம்பெனிதான் சிஸ்டர்"னார், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

கிளாஸ் சனிக்கிழமை மட்டும். போட்டோகாப்பி எடுத்த நோட்ஸ், அதுலயும் பாதி பக்கம் எழுத்து தெரியல, மூணு மாசத்துல மூணு டீச்சர் மாறிட்டாங்க. ஆனா நான் உண்மையா படிச்சேன். ராத்திரி உட்கார்ந்து ஃபெல்ட் துணில அ ஆ இ ஈ வெட்டி, பின்னாடி வெல்க்ரோ ஒட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம் தச்சேன்.

மூணாவது மாசம் "நாளைலேர்ந்து பிராக்டிகம்"னு சொல்லி ஒரு சைல்ட்கேர் சென்டருக்கு அனுப்பினாங்க. அந்த ஃபெல்ட் எழுத்துப் பையைத் தூக்கிக்கிட்டு ஏழரைக்கெல்லாம் போய் நின்னேன். ஷூ ரேக் பக்கத்துல ஒரு குட்டிப் பையன் காலை நீட்டி ஷூ பட்டையை மாட்டிவிடச் சொன்னான், குனிஞ்சு மாட்டிக்கிட்டிருக்கும்போதே அந்த சென்டர் பிரின்சிபல், ஒரு வயசான சீனம்மா, என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு பாஸ் கேட்டாங்க. டிபி கார்டைக் காட்டினேன். பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, சம்பளம் வாங்காட்டியும் பாஸ் இல்லாம வேலை செஞ்சா அது வேலைதான், உனக்கும் தப்பு எனக்கும் தப்பு, நீ வகுப்புக்குள்ள போகாத, வீட்டுக்குப் போ, அந்த டிப்ளமாவை பாலர் பள்ளிகளைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஈ.சி.டி.ஏ ஏத்துக்கிட்டிருக்கான்னு முதல்ல பாருன்னு. அன்னைக்கு அந்தம்மா கண்டுக்காம விட்டிருந்தா என் கதி என்னன்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது. பாஸ் இல்லாம வேலை செய்து மாட்டினா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கூட போடலாம்.

வீட்டுக்கு வந்து மனிதவள அமைச்சு வெப்சைட்டை வரி வரியா படிச்சேன். டிபில இருக்கவங்க எல்.ஓ.சி வாங்கி கம்பெனில வேலைக்குப் போறது 2021 மே 1-ஆம் தேதியோடயே முடிஞ்சுபோச்சு. இப்ப நமக்கு வேலை வேணும்னா எல்லாரையும் போல சொந்தமா ஒரு ஒர்க் பாஸ் வேணும், அதுக்கு அப்ளை பண்றது முதலாளிதான், இல்லன்னா அவங்க வைக்கிற லைசென்ஸ் உள்ள ஏஜென்ட். படிப்பு சொல்லித் தர்ற இடம் அதை "எடுத்துக் குடுக்க" முடியவே முடியாது. அதுல ஒரு வகையான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர்லேர்ந்து குறைஞ்சது 3,300 வெள்ளி சம்பளம் காட்டணும், வயசு கூடக்கூட அதுவும் கூடும். சர்வீஸ் துறைல மொத்த ஆள்ல 10 சதவீதம்தான் எஸ் பாஸ் வைக்கலாம், மாசம் 650 வெள்ளி லெவி வேற முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டணும். இவ்வளவும் தாண்டி ஒரு சென்டர் என்னை எடுக்கும்னா எடுக்கட்டும், ஆனா அது அந்த சென்டர் முடிவு, மாடில உட்கார்ந்திருக்கிற ஆள் முடிவு இல்ல.

அப்ப போன்ல பேசின அந்தப் பொண்ணுக்கு எல்.ஓ.சி எப்படி வந்துச்சு? திரும்ப நம்பர் தேடிப் பேசினேன். அது கல்யாணம் பண்ணிக்கிட்டது சிங்கப்பூரரை, அதுகிட்ட இருந்தது டிபி இல்ல, எல்.டி.வி.பி பிளஸ்ங்கிற நீண்டகாலத் தங்கும் பாஸ். அவங்களுக்கு எல்.ஓ.சி இன்னைக்கும் உண்டு. அந்தப் பொண்ணுக்கே தெரியாது தன்னை எதுக்குக் காட்டுறாங்கன்னு, சொன்னதும் அழுதுடுச்சு.

நான் போய்க் கேட்டதும் அந்த இன்ஸ்டிடியூட் ஆள் அடுத்த கதை ஆரம்பிச்சார், இன்னும் 3,000 குடுங்க, ஒரு கம்பெனில உங்களை டைரக்டரா போட்டு எல்.ஓ.சி எடுத்துடலாம்னு. சொந்தத் தொழில் செய்யற டிபிக்கு அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கு, ஆனா டைரக்டர்னா 30 சதவீதமாவது பங்கு நம்ம பேர்ல இருக்கணும், உள்ளூர் ஆள் ஒருத்தரை வேலைக்கு வச்சு மூணு மாசம் சி.பி.எஃப் (கட்டாய சேமிப்பு நிதி) கட்டியிருக்கணும். பேருக்குப் போட்டா அது பொய் டிக்ளரேஷன், கையெழுத்துப் போட்ட நீங்கதான் மாட்டுவீங்க. தயவுசெஞ்சு இதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க.

அவர் போன் எடுக்கறதை நிறுத்தினதும் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கிற ஸ்மால் க்ளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துல போட்டேன். வக்கீல் வேண்டாம், வைக்கவும் முடியாது. 5,000 வெள்ளிக்குள்ள கேட்டா நம்மள மாதிரி வாடிக்கையாளருக்கு 10 வெள்ளிதான் ஃபீஸ், ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள பண்ணணும். பேநவ் ஸ்கிரீன்ஷாட், அந்தப் பேனா ரசீது, "எல்.ஓ.சி கேரண்டி சிஸ்டர்"னு அவர் அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், எல்லாத்தையும் அழிக்காம வச்சிருந்தேன், அந்த வாய்ஸ் மெசேஜை எடுத்ததும்தான் அவர் இறங்கி வந்தார். 3,000 வெள்ளியை மூணு தவணையா குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். மீதி 1,200 போனது போனதுதான்.

பிளாக் கீழ நோட்டீஸோட வந்த அந்தத் தங்கச்சிகிட்ட ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டுட்டு வரச் சொன்னேன்: ஈ.சி.டி.ஏ லிஸ்ட்ல உங்க கோர்ஸ் எங்க இருக்கு, பணத்தை யூ.இ.என்-க்கு பேநவ் பண்ணலாமா. போய்க் கேட்டிருக்கா. "இன்னைக்கு ஆபீஸ் லீவு சிஸ்டர்"னு கதவைச் சாத்திட்டாங்களாம்.

முதல் தவணை 1,000 வந்துடுச்சு, அதுல ஒரு வளையலை மீட்டாச்சு. ரெண்டாவது வர்ற 15-ஆம் தேதி.