குதிகால் வலியோடு வேலூர் போனால்

ஊருக்குப் போகும்போது குதிகாலையும் அப்படியே காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அந்த எண்ணத்தோடுதான் டொரோண்டோவிலிருந்து கிளம்பினேன். வேலூரில் இந்த வலிக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் லீவு முடிவதற்குள் சரியாகிவிட வேண்டும் என்று அவசரப்பட்டால் தேவையில்லாத ஊசியில் போய் நிற்போம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிடங்கில் வேலை. கான்கிரீட் தரையில், கனமான பாதுகாப்பு பூட்ஸோடு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில், கொஞ்சம் உள்பக்கமாக, ஆணி ஏறியதுபோல வலிக்கும். நாலைந்து அடி நடந்தால் குறையும். சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வந்துவிடும். பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடி, உள்ளங்காலின் வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. அது எலும்போடு ஒட்டும் இடத்தில் தேய்மானம் ஏற்படுவதுதான் இந்த நோய். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து அந்தப் பட்டை சுருங்கியே கிடக்கும். எழுந்து நின்றதும் ஒரே இழுப்பாக இழுபடும். காலை முதல் அடி வலிப்பது அதனால்தான்.

ஊருக்கு வந்த சில நாளிலேயே வலி அதிகமானது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. அங்கே வீட்டில் கார்ப்பெட், வெளியே ஷூ. இங்கே வந்ததும் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நடக்கிறோம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனால் கருங்கல் தரை. மீதி நேரம் தேய்ந்த ஹவாய் செருப்பு. உறவினர் வீடு, கல்யாணம், லாங் பஜார் என்று நடையும் திடீரென்று கூடிவிடுகிறது. மெல்லிய அடிப்பாகம், கெட்டித் தரை, திடீரென்று கூடும் நடை மூன்றுமே இந்த வலியைக் கிளப்பக்கூடியவை. நீண்ட நேரம் நிற்கும் வேலை, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, தட்டைப் பாதம் அல்லது அதிக வளைவுள்ள பாதம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் இது சகஜம்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்து, "எலும்பு வளர்ந்திருக்கு, ஊசி போட்டா சரியாயிடும், இல்லேன்னா ஆபரேஷன்" என்றார் டாக்டர். என் காலை அவர் தொடவே இல்லை. கூடவே ஒரு முழு ரத்தப் பரிசோதனைப் பட்டியலும் வந்தது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அந்த "எலும்பு வளர்ச்சி" பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். குதிகாலில் முள்போல எலும்பு துருத்தியிருந்தும் துளி வலி இல்லாதவர்கள் நிறைய பேர். முள்ளே இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் நிறைய பேர். எக்ஸ்ரேயில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நல்ல நிம்மதி தரும், அதை மறுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டையே அறுந்துபோகலாம், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திசுவும் கரையலாம். போட்டவுடன் வலி தெரியாமல் விமானம் ஏறி, மறுவாரமே கான்கிரீட் தரையில் ஷிஃப்டுக்கு நிற்கப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

அடுத்துப் போனது சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்ன பிசியோதெரபி நிலையம். நடத்துபவர் ஒரு இளம்பெண். அவர் கேட்ட கேள்விகளே எனக்குத் தைரியம் தந்தன. "எரிச்சல் இருக்கா சார்? மதமதப்பு? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்குதா? காலையில் முதுகு அரைமணி நேரத்துக்கு மேல இறுகிக் கிடக்குதா?" ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் கணுக்காலின் உள்பக்கம் நரம்பு அழுத்தப்படலாம், அல்லது இடுப்பிலிருந்து வரும் நரம்பு வலியாக இருக்கலாம். இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து முதுகும் இறுகினால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம், ருமட்டாலஜி டாக்டரிடம் போக வேண்டும். குதிகாலின் பின்பக்கம் வலித்தால் குதிநாண் பிரச்சினை. குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் அழுத்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் கையாலேயே பார்த்தார். கட்டை விரலை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு சரியான இடத்தில் அழுத்தினார், எனக்கு அலறல் வந்துவிட்டது. கெண்டைக்கால் பலகை மாதிரி இறுகியிருக்கிறது என்றார்.

கற்றுத்தந்த பயிற்சிகள் எளிமையானவை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து, பத்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிந்தபடி கெண்டைக்காலை இழுப்பது. முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மேலே துணி சுற்றி, உள்ளங்காலால் உருட்டலாம். வலி கொஞ்சம் அடங்கியதும் படி விளிம்பில் விரல்களின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மெதுவாகக் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி. பட்டைக்குப் பலம் தருவது இதுதான் என்று அழுத்திச் சொன்னார். ஒரு முறைக்கான கட்டணம் 500 ரூபாய்க்குள் முடிந்தது. அவசரமே இல்லாமல் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணை மனதாரப் பாராட்டுகிறேன்.

செருப்பு விஷயத்தில் வேலூருக்கு ஒரு பெருமை இருக்கிறது. 1946இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அதாவது சி.எம்.சி.க்கு, வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகிச் சிதைவதற்கு உணர்ச்சி போய்விடுவதே காரணம் என்று கண்டார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து கால் கெடுகிறது. அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பை உருவாக்கும் வேலை இங்கேயும், பக்கத்தில் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடுவது அதைத்தான். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்துப் பலகைகளுக்கு நடுவே இந்தச் செருப்புக் கடைகளைப் பார்க்கலாம். வாங்கும்போது கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி உடனே எழும்ப வேண்டும், தரை தட்டக் கூடாது. பின்வார் உள்ளதாக இருந்தால் நல்லது. வளைவுக்கு மேடு வைத்துத் தரச் சொன்னால் தைத்துத் தருகிறார்கள். கனடாவில் ஷூவுக்குள் வைக்க அளவெடுத்துச் செய்யும் உள்தாங்கிக்குப் பல நூறு டாலர் ஆகிறது. எல்லோருக்கும் அது அவசியமும் இல்லை, நல்ல ஆயத்த உள்தாங்கியே பெரும்பாலும் போதும்.

நான் இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று வெளியே போட்டுப்போக. இன்னொன்று வீட்டுக்குள் மட்டும். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா முகம் சுளித்தார்கள். பூஜை அறைக்கும் சமையலறைக்கும் வராது என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு உண்மையில் கவலை என் அத்தையைப் பற்றித்தான். குடியாத்தத்தில் இருக்கிறார். அவருக்கும் வருடக்கணக்காகக் குதிகால் வலி. அதற்கு அவர் செய்துவந்தது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்: செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்க இலையைப் பரப்பி, அதில் குதிகாலை வைத்து எடுப்பது. சூடு இதமாக இருப்பது உண்மை. ஆனால் அத்தைக்குச் சுகர் பல வருடமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு எவ்வளவு என்றே தெரியாது, தோல் வெந்து புண்ணான பிறகுதான் தெரியும். எருக்கம் பால் கையில் ஒட்டிக் கண்ணில் பட்டால் கண்ணுக்கும் கேடு. "சும்மா சூடுதானேடா" என்றார். கையோடு வேலூருக்குக் கூட்டி வந்தேன். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடியிருந்த அத்தைக்குச் சில இடங்களில் தொட்டதே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வலி என் வலி மாதிரியும் இல்லை. குதிகாலின் நடு மையத்தில், நடக்க நடக்கக் கூடுகிற வலி. வயதால் கொழுப்பு மெத்தை மெலிந்துபோனது காரணம் என்றார்கள். அவருக்குத் தேவை மெத்தென்ற செருப்பு, அதுவும் அடுப்படியில் நிற்கும் நேரம் முழுக்க. செங்கல் நின்றுவிட்டது. தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சுகர் உள்ள பெரியவர்கள் இருந்தால், நீங்கள் ஊரில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவதாக வீட்டில் வேண்டுதல் இருந்தது. 14 கிலோமீட்டர், வெறுங்கால். இந்தக் காலோடு வேண்டவே வேண்டாம் என்று பிசியோ சொல்லிவிட்டார், தம்பி எனக்காகப் போய்வந்தான்.

வலி முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. இது மாதக்கணக்கில் ஆறும் நோய். பயிற்சியை விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது. ஆபரேஷன் வரை போக வேண்டியவர்கள் மிகச் சிலரே. ஆகவே ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே காட்டுங்கள். புறப்படுவதற்கு முன் இன்னொரு முறை போய், பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்றால் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் நேரம் வாங்கிவிடுங்கள், கூட்டம் எப்போதும் உண்டு. கால் வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மதமதப்பு இருந்தாலோ பயிற்சியைத் தொடங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். எம்.சி.ஆர். செருப்பின் அடி நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதால் திரும்பி வரும்போது பெட்டியில் இன்னொரு ஜோடி எடுத்து வந்திருக்கிறேன்.