புல்தரையில் கோரை: பிடுங்குவதா, மருந்தடிப்பதா?

தர்மபுரியில் வீடு கட்டி முடித்ததும் வாசலில் ஒரு சென்ட் அளவுக்குக் கொரியன் புல் பதித்தோம். செம்மண் இறுகிக் கிடந்ததால் ஒரு டிராக்டர் ஏரி வண்டல் இறக்கினோம். வண்டலோடு கோரைக்கிழங்கும் வந்துவிட்டது. இரண்டு மழைக்குள் புல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கோரை பளபளத்தது. மூன்று ஆண்டுகள் போராடியதில் ஒன்று தெளிவானது: எந்த வழியானாலும், அது கிழங்கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

கையால் இழுத்தால் இலை மட்டும் வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கி ஒரே வாரத்தில் மறுபடி துளிர்க்கும். ஆகவே பிடுங்கக் கூடாது, தோண்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் களைக்கொத்தால் ஒரு செடியைத் தோண்டிக்கொண்டே போனேன். கிழங்கு, அதிலிருந்து கம்பிபோல ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று ஒரு முழத்துக்குள் ஐந்து கிடைத்தன. கறுத்த தோலைக் கீறினால் உள்ளே வெள்ளை, நலங்குமாவு வாசனை. அதில் சேர்க்கும் கிழங்குதானே இது! எடுத்தவற்றைக் குப்பைக்குழியில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பரப்பிச் சுக்காகக் காயவிடுங்கள். இருபது முப்பது செடிகள் என்றால் இதற்கு ஈடான வழி இல்லை.

பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவது புல்தரைக்கு ஆகாது. புல் வெந்துபோகும், கோரையோ ஊசிமுனையால் தாளையே துளைத்து வெளியே வரும். வினிகரும் உப்பும் இலையைக் கருக்குவதோடு சரி. உப்பு மண்ணில் தங்கிப் புல்லைக் கெடுக்கும்.

களைக்கொல்லி மருந்துகளில் 2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. பார்த்தீனியத்துக்குச் சரி, கோரைக்கிழங்கு அதற்கு மசியாது. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தை ஒட்டி வீடு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். காற்றில் பரவினால் தக்காளி இலை சுருண்டுவிடும். கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும், ஆனால் நாம் வளர்க்கும் புல்லையும் சேர்த்தே கொல்லும். 2022-இல் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரையறுத்தும் விட்டது.

மிஞ்சுவது ஹாலோசல்பியூரான் மீத்தைல். கரும்பு வயலில் கோரைக்கென்றே அடிக்கும் மருந்து. கொரியன் புல்லும் அருகம்புல்லும் இதைத் தாங்கும். சிக்கல் அளவில்தான். ஏக்கருக்கு 36 கிராம் என்றால் ஒரு சென்ட்டுக்கு அரை கிராம்கூட வராது. கண்ணளவில் போட்டுவிடாதீர்கள், நகை எடைபோடும் தராசு வேண்டும். கோரை நான்கைந்து இலை விட்டிருக்கும்போது, மருந்து இலையில் ஒட்டி நிற்க ஒட்டுத்திரவம் கலந்து அடிக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டக் கூடாது. உடனே வாடவில்லையே என்று மறுபடி அடிக்கவும் கூடாது. மஞ்சளாகி மடிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வீட்டுப் புல்தரைக்கு வாங்குமுன் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தரையில் பாதிக்கு மேல் கோரை என்றால் முதலில் இந்த மருந்து, பிறகு களைக்கொத்து என்பதே என் முடிவு. இப்போது எங்கள் வாசலில் மழைக்குப் பின் ஏழெட்டுச் செடிகள்தான் தலைகாட்டுகின்றன. அன்றைக்கே உட்கார்ந்து தோண்டிவிடுகிறேன்.